பேர் பதியாத விருந்தாளி

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் பாக்கியலெட்சுமியைத் தெரியாத ஆள் கிடையாது. பெரிய காரியம் எதையும் சாதித்துப் பேர் வாங்கியவள் இல்லை. அவளுடைய வாய் அப்படி. மனதில் இருப்பது வாய்க்கு வர அவளுக்கு ஒரு நொடிகூட ஆகாது. பூசி மெழுகுவது, ஆளுக்குத் தக்கபடி பேசுவது, கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வது, இந்த வித்தையெல்லாம் அவளுக்குப் பிறவியிலேயே வரவில்லை. வந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய தேவையும் வந்திருக்காது.

அவளுக்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ச்சலானாலும் அடைமழையானாலும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணிக்கு முன்னால் போய் நிற்பாள். "இந்தப் பொம்பளைக்கு வேலை இல்லேன்னா மூச்சு வாங்காது" என்று வீரய்யா கிண்டல் செய்வான். வீரய்யா அவள் புருஷன். தொழிற்சாலையில் மூட்டை தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டு இப்போது வீட்டோடு இருக்கிறான். அவன் கிண்டல் செய்வானே தவிர, உண்மை அவனுக்கும் தெரியும். அவன் பேர் தோட்டத்தில் வெட்டுப்பட்ட நாளிலிருந்து வரிசை வீடுகளில் ஒற்றை அறையான அந்த லயத்துக் காம்பராவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அவள் பேர்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொழுந்துக் கூடையை அவள் இறக்கி வைத்தால் அந்த வீட்டில் தூக்குவதற்கு வேறு தலை இல்லை.

பேர் என்றால் வெளியாட்களுக்குப் புரியாது. தோட்டத்தில் பேர் போடுவது என்றால் வேலைக்குப் பதிவது. ஒரு நாள் வேலை ஒரு பேர். பாதியில் மழை வந்து கலைந்தால் அரைப்பேர். பேர் உள்ளவனுக்குத்தான் லயத்தில் கூரை. பேர் இல்லாதவன் அங்கே படுத்திருந்தால், எவனாவது ஒருவன் காகிதமும் பேனாவுமாக வந்து நின்று, "இது யாரு? வேலைக்கு வருதா?" என்று கேட்பான். விருந்துக்கு வந்த மாமனையும் மச்சானையும் பற்றிக்கூட அப்படிக் கேட்டிருக்கிறார்கள். பாக்கியத்தின் அப்பா செத்து, அம்மா நெஞ்சுச் சளியோடு படுத்த படுக்கையானபோது அந்தக் காகிதமும் பேனாவும் அவர்கள் வாசலுக்கும் வந்தன. "இந்தக் காம்பராவில யாரு பேர் இருக்கு?" என்றது குரல். பள்ளிக்கூடப் பையோடு நின்ற பாக்கியம், "நான் வேலைக்கு வாரேங்க" என்றாள். மறுநாள் அந்தப் பை ஆணியில் ஏறியது, கூடை தலையில் ஏறியது. அம்மா சொந்தக் கூரைக்குக் கீழேயே கண்ணை மூடினாள். அன்றைக்குப் படித்த பாடம் பாக்கியத்தின் எலும்பில் ஊறிவிட்டது. காகிதத்தோடு வருகிறவன் யாராக இருந்தாலும், வேலை செய்கிற ஆள் என்று சொன்னால் அவன் திரும்பிப் போய்விடுவான்.

அந்த நேரத்தில் அக்கா மருதாயி பக்கத்தில் இருந்திருந்தால் நிலைமை வேறு. ஆனால் மருதாயி அதற்கு முந்திய வருஷமே போய்விட்டாள். அவளைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்கு, இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி, இந்தியக் கடவுச்சீட்டு வந்திருந்தது. பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறியவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். மருதாயி ஜன்னல் வழியாகத் தங்கையின் கையைப் பிடித்தவள், கோச்சி நகர்ந்த பிறகும் விடவில்லை. மேடை முடிகிற இடம் வரைக்கும் பாக்கியம் கூடவே ஓடினாள். அதோடு சரி. தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கேயும் அதே இலைதான், அதே குளிர்தான். அக்காவும் தங்கையும் நாற்பது வருஷமாக ஒரே வேலையை இரண்டு நாட்டில் செய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் கடிதம், பிறகு போன், பிறகு முகம் தெரிகிற போன். முகம் தெரிந்தால் ஆசை தீரும் என்றல்லவா நினைப்போம்? தீராது. பசித்தவனுக்குச் சோற்றைக் காட்டிவிட்டு மூடி வைப்பது மாதிரிதான் அது. போனை வைத்ததும் பாக்கியம் அடுப்படியில் போய் நின்று, "ஒரு தரம், ஒரே ஒரு தரம் அந்தக் கையைப் பிடிச்சிட்டா போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிவிட்டு அடுப்பை ஊதுவாள்.

இப்படி இருக்கையில்தான் மருதாயியின் மகள் வந்து இறங்கினாள். பேர் ஜெயந்தினி. கோத்தகிரியில் ஜெயந்தி உண்டு, ஜெயந்தினி கிடையாது. பள்ளிக்கூடத்தில் "சிலோன் பேரு" என்று சிரிப்பார்களாம். மருதாயி அந்தப் பேரை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறாள். ஊரைத்தான் விட்டுவிட்டோம், ஊர்ப் பேரையாவது வீட்டில் கூப்பிட்டுக்கொண்டிருப்போம் என்று.

ஜெயந்தினி கோயம்புத்தூரில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறாள். அமெரிக்காவில் யாரோ ஆஸ்பத்திரியில் படுத்தால், அந்தச் செலவுக்கான காகிதங்களை இங்கே கணினியில் பார்த்துச் சரி செய்து அனுப்பவேண்டுமாம். உட்கார இடமும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். அம்மா கேட்டுக்கொண்டதால் கம்பனியில் பேசி அனுமதி வாங்கி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான விசாவில் வந்திருந்தாள். சித்திரை வரைக்கும் தங்குவதாகத் திட்டம். சித்திரை பிறந்ததும் மருதாயியே வருவாள். அவளுக்கு மூட்டுவலி, சர்க்கரை, தனியாக எங்கும் போய்ப் பழக்கமில்லை. "ஜெயந்தினி அங்க இருந்தா நான் தைரியமா வந்து இறங்கிருவேன்டி. என் மக இருக்கிற எடத்துக்குத்தான வாரேன்" என்று போனில் சொன்னாள். பாக்கியத்துக்கு அந்த ஒரு சொல் போதும். அன்றிலிருந்து அவளுடைய நாள்காட்டியில் சித்திரை ஒன்றைத் தவிர வேறு மாதம் இல்லை.

முன் தாழ்வாரமான இஸ்தோப்பில் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டார்கள். வீரய்யா கூரைத் தகரத்தில் ஏறி இணையப்பெட்டிக்குச் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று முதுகையும் மறந்து தேடினான். காலையில் பாக்கியம் கூடையோடு மலையேறும்போது ஜெயந்தினி மேசையில் உட்காருவாள். பாக்கியம் பகல் சாப்பாட்டுக்கு இறங்கி வரும்போதும் அங்கேதான் இருப்பாள். ஒரு நாள் மத்தியானத்தோடு கரண்ட் போய்விட்டது.

"இப்ப என்னா புள்ள, ஒனக்கு அரைப்பேரா?" என்று கேட்டாள் பாக்கியம்.

ஜெயந்தினிக்கு அது என்னவென்று விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே மருதாயியின் சிரிப்பு. கண் இரண்டும் காணாமல் போய்விடும். பாக்கியம் சட்டென்று உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "என்னா, அடுப்புப் புகையா?" என்றான் வீரய்யா. "ஆமா, புகைதான்" என்றாள் அவள், பற்றவைக்காத அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் பௌர்ணமி, போயா லீவு. கரண்ட் இன்னும் வரவில்லை. ஆனால் அமெரிக்காக்காரனுக்குப் போயா இல்லையே! பாக்கியமும் ஜெயந்தினியுமாக பஸ் பிடித்து, வெளிநாட்டுப் பயணிகள் குவிகிற எல்ல என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே ஒரு காபிக் கடை. மேசைக்கு மேசை வெள்ளைக்காரப் பிள்ளைகள், கால் மேல் கால் போட்டு, மடியில் கணினியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தினியும் ஒரு மூலையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். பாக்கியத்துக்குத் தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தூள் சரியில்லை. இந்தத் தூளுக்கா இவ்வளவு அலங்காரம் என்று கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏம்புள்ள, இவங்கல்லாம் என்னா செய்றாங்க?"

"வேலைதான் சின்னம்மா. என்னைய மாதிரி."

"இங்க பேர் போட்டிருக்காங்களா?"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க." ஜெயந்தினி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பேரெல்லாம் அவங்கவங்க ஊருல. இங்க விருந்தாளி மாதிரி."

பாக்கியத்துக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு இடத்தில் இருந்துகொண்டு இன்னோர் இடத்தில் பேர் போடுவதா? அது எப்படி நிற்கும்? ஆனாலும் படித்த பிள்ளை, தெரியாமலா செய்வாள் என்று விட்டுவிட்டாள். ஜெயந்தினியாவது அந்த நேரத்தில் இரண்டு வார்த்தை விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். யாராவது வந்து கேட்டால் பார்க்க வந்த பிள்ளை என்று மட்டும் சொல்லுங்கள் சின்னம்மா என்று சொல்லி வைத்திருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கே அது சரியா தப்பா என்று தீர்க்கமாகத் தெரியாது. சம்பளம் இந்தியாவில், வேலை அமெரிக்காவுக்கு, இலங்கையில் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை, இதிலென்ன என்று தன் மனதைச் சமாதானம் செய்து வைத்திருந்தாள். வெள்ளந்தியான சின்னம்மாவை மறைத்துப் பேசப் பழக்குவதற்கும் அவளுக்கு வாய் வரவில்லை.

மாசி பிறந்தபோது விசாவை நீட்டிக்க ஜெயந்தினி விண்ணப்பம் போட்டாள். தங்கியிருக்கும் விலாசம் கேட்டிருந்தார்கள். லயத்துக்கு எங்கே விலாசம்? தோட்டத்தின் பேர், பிரிவு, லயம், அவ்வளவுதான். வீட்டுக்கு நம்பரும் கிடையாது, தெருவும் கிடையாது. கடிதம் வந்தாலே தோட்ட ஆபீசில் கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போகிறவர் கையில் வரும். அந்த விலாசத்தைப் பார்த்த அதிகாரிக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. வெளிநாட்டுப் பிரஜை ஒருத்தி உண்மையிலேயே அங்கே இருக்கிறாளா என்று பார்த்து வர ஆள் அனுப்பினார்கள்.

வந்தவர் பேர் ஜெஸீம். நடுத்தர வயது, பதுளைப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அவரைத் திட்டவேண்டாம். அவர் வந்த நேரம்தான் போதாத நேரம். வீரய்யாவை முதுகு காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஜெயந்தினி பதுளைக்குப் போயிருந்தாள். பாக்கியம் பகல் சாப்பாட்டுக்கு இறங்கி வந்து, கையில் இன்னும் கொழுந்துக் கறையோடு, றொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தியாவில இருந்து ஜெயந்தினின்னு ஒருத்தர், இந்த வீடா அம்மா?"

நிமிர்ந்து பார்த்தாள். கையில் காகிதம். சட்டைப் பையில் பேனா. பாக்கியம் றொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். 

"இதுதாங்க. வாங்க, உள்ள வந்து உக்காருங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

அவர் உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தில் மருதாயியும் ஜெயந்தினியும் நிற்பதைப் பார்த்தார். விலாசம் சரிதான் என்று அவருக்கு அங்கேயே திருப்தி வந்துவிட்டது. தேத்தண்ணியை வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

"உங்களுக்கு என்ன முறை?"

"அக்கா மகங்க. எனக்கும் மகதான்."

"சந்தோஷம். பார்க்க வந்திருக்காங்க, என்ன?"

"ஆமாங்க."

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவரும் எழுந்திருக்கத்தான் பார்த்தார். கோப்பையில் கொஞ்சம் தேத்தண்ணி மிச்சம் இருந்தது. அது முடிகிற வரைக்கும் பேச்சுக்கு ஒரு வார்த்தை வேண்டுமே என்று, மரியாதைக்காக, சிரித்தபடியே கேட்டார்:

"இவ்வளவு நாளும் இந்த மலையில சும்மா இருக்க அவங்களுக்கு அலுப்பா இல்லையாம்மா?"

சும்மாவா! பாக்கியத்துக்குச் சுரீரென்றது. எத்தனையோ வருஷத்துக்கு முந்திய அந்தக் குரல் திரும்பவும் வாசலில் வந்து நின்றது போல இருந்தது. இது யாரு? வேலைக்கு வருதா? என் அக்கா மகளைச் சும்மா கிடக்கிறவள் என்று எழுதிக்கொண்டு போய், நாளைக்கு வெளியே போ என்று சொல்லிவிட்டால்? சித்திரைக்கு அக்கா யாரை நம்பி வந்து இறங்குவாள்? விடுவாளா பாக்கியம்!

"யாருங்க சும்மா இருக்கா? எங்க வீட்டுல சும்மா இருக்கிற ஆளே கெடையாது. காலையில உக்காந்தான்னா பொழுது சாயுற மட்டும் நிமிர மாட்டா. ஒரு நா தவறாத வேல. கம்பனி வேலங்க. மாசாமாசம் சம்பளம் விழுது."

ஜெஸீம் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வீட்டு வேலையைத்தானே சொல்றீங்க? சமையல், துணி துவைக்கிறது, அந்த மாதிரி?"

அந்த மனுஷன் ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார். பாக்கியம் அதைத் தன் கையாலேயே அறைந்து சாத்தினாள்.

"அதையெல்லாம் நான் செய்ய விடுவேனா? கொம்பியூட்டர் வேலங்க. இங்க வாங்க, காட்டுறேன்." எழுந்து போய் இஸ்தோப்பு மேசையைத் துடைத்தே காட்டினாள். "இந்தா, இதுல உக்காந்துதான் செய்றா. இந்தப் பெட்டி அதுக்குத்தான் வாங்கினது. அமெரிக்கா வரைக்கும் போகுது. நம்பாட்டி லயத்துல யாரையும் கேட்டுப் பாருங்க."

லயத்துக்காரர்கள் அதற்குள் இரண்டு மூன்று பேர் வாசலில் கூடியிருந்தார்கள். "ஆமாங்க, தங்கமான புள்ள, தலைய நிமிர்த்தாம வேல செய்யும்" என்று அவர்களும் சாட்சி சொன்னார்கள். எல்லாரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

ஜெஸீம் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனாவை எடுத்தார். "கேட்டதை எழுதாம விட எனக்கு அதிகாரம் இல்லைம்மா" என்றார். அவர் குரல் இறங்கியிருந்ததைப் பாக்கியம் கவனிக்கவில்லை. எழுதுகிறாரே, நல்லது, எழுதட்டும் என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. படியிறங்கும்வரை கூடவே போய், "கல்லு வழுக்குங்க, பாத்து" என்று வழியனுப்பி வைத்தாள்.

சாயந்தரம் ஜெயந்தினி வந்ததும் வராததுமாக அத்தனையையும் ஒப்பித்தாள். எப்படி அவர் கேட்டார், எப்படி இவள் வெட்டென்று பதில் கொடுத்தாள், எப்படி அவர் வாயடைத்துப் போனார், எல்லாம் கையும் காலும் வைத்து. ஜெயந்தினி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"எழுதிக்கிட்டாரா சின்னம்மா?"

"ஆமா, அம்புட்டையும் எழுதிக்கிட்டாரு. ஏன்?"

ஜெயந்தினி சின்னம்மாவை உட்காரவைத்துச் சொன்னாள். சொல்லும்போதும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பாக்கியத்துக்குத் தாங்குவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாக்க வந்த விசாவுல சம்பள வேலை செய்யக்கூடாது சின்னம்மா. சம்பளம் எந்த நாட்டுல இருந்து வந்தாலும். கம்பனி விட்டது கம்பனியோட அனுமதி. நாட்டோட அனுமதி வேற. அது எங்கிட்ட இல்ல."

"அப்ப அந்த எல்லக் கடையில உக்காந்திருந்தாங்களே, அவங்க?"

"யாராவது கேட்டா பாக்க வந்தோம்னு சொல்லுவாங்க. கணினியோட வந்து தங்கி வேலை செய்யறவங்களுக்குன்னு தனியா ஒரு விசா பத்திப் பேப்பர்ல போட்டிருந்தாங்க. அதுக்கு டாலர்ல பெரிய சம்பளம் காட்டணும். வெள்ளைக்காரங்களுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை சின்னம்மா அது. என் தோள்ல நிக்காது."

வீரய்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "அப்ப இங்க வேல செய்யாட்டித்தான் இருக்க விடுவாங்களா?" என்றான். நையாண்டியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவனுக்குத்தான் அது புரியும்?

பாக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகத்தான் புரிந்தது, ஆனால் முழுசாகப் புரிந்தது. பாழாய்ப்போன வாயில் தானே அறைந்துகொண்டாள். ஜெயந்தினி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "விடு புள்ள, என்னைய விடு. என் அக்காளை நானே வராம பண்ணிட்டேனே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராக்களில் பேச்சு நின்றது.

பதில் வர அதிக நாள் ஆகவில்லை. நீட்டிப்பு இல்லை. கொடுத்த காலம் முடிவதற்குள் வெளியேறவேண்டும். அபராதமும் இல்லை, கைதும் இல்லை, திரும்ப வரக்கூடாது என்றும் எழுதவில்லை. ஜெஸீம் எழுத முடிந்த அளவுக்கு நல்லவிதமாகத்தான் எழுதியிருக்கிறார் என்றாள் ஜெயந்தினி. பாக்கியத்துக்கு அதைக் கேட்க இன்னும் அழுகையாக வந்தது.

மருதாயியிடம் சொல்லவேண்டுமே! போனில் அக்காவின் முகம் வந்ததும், "அக்கா, நான்தான்க்கா கெடுத்தேன். சும்மா இருக்காளான்னு கேட்டாரு. இல்லீங்க, வேல செய்றான்னு சொல்லிட்டேன்க்கா" என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

மருதாயி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு சொன்னாள்: "நீ என்னாடி பண்ணுவ. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

இரண்டு பேரும் அழுதார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி.

ஜெயந்தினி புறப்பட்ட நாளில் பாக்கியம் வேலைக்குப் போகவில்லை. இஸ்தோப்பு மேசையைக் காலையிலேயே ஒதுக்கி வைத்தாள். பிறகு மனம் கேட்காமல் திரும்ப இழுத்துப் போட்டாள். பதுளை ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவிட்டு ஜெயந்தினி கதவருகே வந்து நின்றாள்.

"சின்னம்மா, அம்மாவால இனி தனியா வர முடியாது. நான் கூட வந்தாலும் இப்ப தூரப் பயணமே வேணாங்கிறாங்க டாக்டர். நீங்க வாங்க."

"நானா? நான் எங்க புள்ள வாரது. நாலு நா சேந்தாப்புல போகாட்டி பேர் போயிரும். பேர் போனா காம்பரா போயிரும். ஒஞ் சித்தப்பாவ எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

கோச்சி போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். மலை மலையாகப் பச்சை வந்துகொண்டே இருந்தது. இந்தப் பச்சைக்குத்தானே நான் இத்தனை வருஷமும் உழைத்தேன், இது எனக்கு ஒரு மாசம் கொடுக்காதா என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. கோபமாகத்தான் தோன்றியது.

வீரய்யா இரண்டு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தபோது, "ஒக்காரு" என்றான். அப்படி அதட்டி அவன் பேசி ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

"நீ போ. நான் பேர் போடுறேன்."

"ஒங்க முதுக வச்சிக்கிட்டா?"

"மூட்ட தூக்கத்தான் முடியாது. புல்லு வெட்ட, வாச்சராக் காவலுக்கு நிக்க முடியாதா? தோட்டத்துத் தொரைய நேத்தே போய்ப் பாத்தேன். நான் வேலைக்கு நிக்கிற வரைக்கும் காம்பராவத் தொட மாட்டேன்னாரு. ஒம் பேரு போனாலும் போகட்டும் புள்ள. அந்தப் பேரு ஒன்னைய வச்சிருந்தது போதும்."

பாக்கியம் அவனையே பார்த்தாள்.  அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு அள்ளி வைத்தாள்.

கடவுச்சீட்டு எடுக்கவே வைகாசி ஆகிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டி முதல் கடவுச்சீட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இந்திய விசாவுக்காகக் கண்டிக்குப் போனார்கள். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் வீரய்யா அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வேல கீலன்னு வாயத் தொறக்காத. கொழுந்து எடுப்பேன், வெறகு பொறுக்குவேன், அக்காளுக்கு ஒத்தாசையா இருப்பேன், ஒண்ணும் வேணாம். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். 

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் பெண் இருந்தாள். காகிதங்களைப் புரட்டிப் பார்த்தாள். தமிழில்தான் பேசினாள்.

"கோத்தகிரியில யாரு அம்மா இருக்காங்க?"

"அக்காங்க. கூடப் பொறந்த அக்கா."

"அங்க போய் என்ன செய்யப் போறீங்க?"

பாக்கியத்துக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்ல நாக்குக் கூசியது. அந்தச் சொல்லை அவள் தன்னைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. அது நோயாளிக்கும் சோம்பேறிக்கும் வேலையிலிருந்து வெட்டப்பட்டவனுக்கும் உரிய சொல். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சும்மா இருக்கப் போறேங்க" என்றாள். சொன்னதும் கண் நிறைந்துவிட்டது. "ஒண்ணுமே செய்ய மாட்டேன். எங்க அக்கா கையப் புடிச்சிக்கிட்டு, பக்கத்துல சும்மா ஒக்காந்திருக்கப் போறேன்."

அந்தப் பெண் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு மாசம்னு சொல்லு" என்று வீரய்யா பின்னாலிருந்து கிசுகிசுத்தான். காதில் விழாமல் இல்லை. ஆனால் பாக்கியம் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"நீங்க எத்தன நாளைக்கு விடுவீங்களோ, அத்தன நாளைக்கும் தாயி."